இருபது வருஷம் பொறுத்திருக்கும் கட்டி

அன்பின் மகளுக்கு,

நிலாவெளி ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கிடைத்ததையும், இறக்கக்கண்டிப் பக்கத்துப் பெண்கள் கிளினிக்குக்குக் கூடுதலாக வருவதையும் எழுதியிருந்தீர். கடைசி வரியில் ஒரு சலிப்பு: கிரானுலோசாக் கலக் கட்டியெல்லாம் பரீட்சையோடு முடிந்துவிட்டதாம், இனி அதை எங்கே பார்க்கப்போகிறீராம். அதற்குத்தான் இந்தக் கடிதம். சூலகப் புற்றுநோய்களில் அது நூற்றுக்கு 2 முதல் 5 வரைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆய்வுகூடத்தில் என் மேசைக்கு அது வரவேண்டுமென்றால், முதலில் உம்முடைய மேசையில் யாரோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் கலத்தின் தொழிலை ஒருதரம் ஞாபகப்படுத்திக்கொள்ளும். சூலகப் புடைப்புக்குள் முட்டையைச் சூழ்ந்து நிற்பவை அவை. வெளிச்சுற்றில் உள்ள தீக்காக் கலங்கள் ஆண் ஓமோனைச் செய்து கொடுக்கும். கிரானுலோசாக் கலங்கள் எஃப்எஸ்எச் ஏவியபடி, அரோமற்றேஸ் நொதியத்தைக் கொண்டு அதை ஈஸ்ட்ரஜனாக மாற்றும். இன்கிபினும் ஏஎம்எச்சும் இவற்றிலிருந்தே வருகின்றன. கட்டியாகிப் போன பிறகும் இவை பழைய தொழிலை விடுவதில்லை. அதனால்தான் நோய் சூலகத்தில் இருக்க, முறைப்பாடு கர்ப்பப்பையிலிருந்து வருகிறது. ஈஸ்ட்ரஜன் ஓயாமல் பட்டுப்பட்டு உட்படலம் தடிக்கும். நின்றுபோன இரத்தம் திரும்பவும் படும். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு அந்த உட்படலத்திலேயே இன்னொரு புற்றுநோயும் இருக்கும்.

ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் இப்படி இரத்தம் படும் பெண் அதை உம்மிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டார். உடம்புச் சூடு என்பார், வெயிலில் கருவாடு காயப்போட்டதால் என்பார். வந்தது பிரஷர் குளிசைக்கு, கூட நிற்பது மருமகன். அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளும். தொழும் பெண்ணாக இருந்தால், தொழுகைக்குத் தடையாக ஏதும் பட்டதா என்று கேட்டுப் பாரும். மாதவிடாய் பற்றிக் கேட்டால் தலையைக் குனிகிறவர், இதற்கு நாள் கணக்கோடு பதில் சொல்வார். அந்தக் கணக்கைச் சுத்தமாக வைத்திருக்கிறவர்கள் அவர்கள். பிறகு வயிற்றைத் தொட்டுப் பாரும். இந்தக் கட்டி பெரும்பாலும் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த பிறகுதான் பிடிபடுகிறது; கைக்கே தட்டுப்படலாம்.

டி அண்ட் சி ரிப்போட்டில் உட்படலம் தடித்திருக்கிறது என்று வந்தால் அதோடு நின்றுவிடாதேயும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இவ்வளவு ஈஸ்ட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று சூலகங்களை ஸ்கேனில் தேடச் சொல்லும். இரத்தத்தில் சிஏ125 சரியாக இருக்கிறது என்று ஆறுதல் அடைவதும் வேண்டாம். இந்தக் கட்டியில் அது பல தடவை சாதாரணமாகவே இருக்கும்.

சின்னப் பிள்ளைகளையும் மறக்காதேயும். ஆறு வயதில் மார்பு வளர்ந்து இரத்தமும் பட்டால், ஊர் வாய்க்குப் பயந்து வீட்டார் மூடி மறைப்பார்கள். அந்தப் பிள்ளையின் வயிற்றையும் பார்க்க வேண்டும். இளவயது வகைக் கட்டி அரிது. நேரத்தோடு எடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே முடியும்.

எங்கள் பக்கத்துக் கதையும் கொஞ்சம் கேளும். வெட்டிய கட்டி மஞ்சளாக இருக்கும், இடையிடையே இரத்தம் நிரம்பிய குழிகள். ஸ்லைட்டில் கோப்பிக்கொட்டை போல நடுவில் கோடு விழுந்த கருக்கள். அவை சின்ன வட்டங்களாகக் கூடி, நடுவே இளஞ்சிவப்பாக ஏதோ தேங்கியிருந்தால் அது கோல்–எக்ஸ்னர் உடல். 1875இல் வியன்னாவில் முயலின் சூலகத்தில் அதை விவரித்த இருவரில் எம்மா கோல் ஒரு பெண். 1884இல் மசாசுசெட்ஸ் மருத்துவச் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண்ணும் அவர்தான். கோல் யார் என்று வைவாவில் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

2009 ஜூனில் வன்கூவர் குழு, முதிர்வயது வகைக் கட்டிகள் 89இல் 86க்கு ஃபொக்ஸ்எல்2 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டது: 402ஆம் இடத்தில் சி இருக்கவேண்டிய இடத்தில் ஜி. சூலகத்தைச் சூலகமாகவே வைத்திருக்கும் மரபணு அது. வளர்ந்த எலியில் அதை நீக்கினால் கிரானுலோசாக் கலங்கள் விந்தகக் கலங்களின் சாயலுக்கு மாறுவதும் அதே ஆண்டு தெரியவந்தது. வன்கூவர் குழுவின் கட்டுரை வந்தபோது யுத்தம் முடிந்து ஒரு மாதம்; சனம் முகாம்களில் இருந்த நேரம். நான் அந்தக் கட்டுரையை வாசித்தது வெகு பின்னால்.

இனித்தான் முக்கியமான விஷயம். பெரும்பாலானவை சூலகத்தைத் தாண்டாத நிலையிலேயே பிடிபடுகின்றன. ஒப்பரேசனோடு பெண் எழுந்து நடமாடுவார், எல்லாரும் மறந்துபோவார்கள். கட்டி மறப்பதில்லை. பத்து வருஷம், இருபது வருஷம் கழித்தும் இடுப்புக்குள்ளோ வயிற்றுச் சவ்விலோ திரும்ப வரலாம். அப்போது பழைய ரிப்போட் வேண்டும். இந்தக் கரையில் அதை எங்கே தேடுவது? இடம்பெயர்வுகளில் எத்தனையோ வீட்டுப் பெட்டிகள் போயின. மிஞ்சியதை 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனது. "கர்ப்பப்பையில் கட்டி எடுத்தது டொக்டர், கடதாசி இல்லை" என்று ஒரு பெண் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடாதேயும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம், சூலகமும் எடுத்ததா, பிறகு செக்கப்புக்கு வரச் சொன்னார்களா என்று கேளும். நோவோடு வந்தால் ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதேயும். இந்தக் கட்டி வயிற்றுக்குள் வெடித்து இரத்தம் கொட்டவும் கூடும். அப்படியென்றால் யோசிக்காமல் திருகோணமலைக்கு ஏற்றிவிடும்.

புதிதாக ஒப்பரேசன் முடிந்து வருகிறவர்களுக்குச் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் கட்டியின் பெயர், ஒப்பரேசன் திகதி, எங்கள் ஆய்வுகூடத்துப் பிளொக் இலக்கம் மூன்றையும் தெளிவாக எழுதிக் கொடும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் பிள்ளைகளின் போனிலும் வைக்கச் சொல்லும். அடுத்த திகதி போடும் இடத்தில் "முடிந்தது" என்று மட்டும் எழுதாதேயும்.