மின்விசையும் காந்தவிசையும்

அம்பர் என்னும் பிசின்கட்டியைக் கம்பளியில் தேய்த்தால் அது சிறு துரும்பை ஈர்க்கும். காந்தக்கல்லோ தேய்க்காமலே இரும்பை ஈர்க்கும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினார் பலர். இவை வேறென்று 1600-இல் வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கில மருத்துவர் தம் இலத்தீன் நூலில் தெளிவுற வகுத்துக் காட்டினார். அவர் கிழித்த கோடு எத்துணை உறுதியுடையது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஒப்புமை பெரிதே. மின்னில் நேர், எதிர் என இருவகை. காந்தத்தில் வடமுனை, தென்முனை என இரண்டு. ஓரினம் தன்னினத்தை விலக்கும், வேற்றினத்தைக் கவரும். 1785-இல் கூலும் என்னும் பிரெஞ்சு அறிஞர் முறுக்குத் தராசு கொண்டு மின்விசையை அளந்து, தூரம் இருமடங்காயின் விசை நாலிலொன்றாகும் எனக் கண்டார். காந்தமுனைகட்கும் அவ்விதி பொருந்துவதைப் பின்னர்க் காட்டினார். இம்மட்டில் நோக்கின் இவை இரட்டைப் பிள்ளைகளே.

நிற்க. கண்ணாடிக் கோலைப் பட்டில் தேய்த்து, அதன்கண் நேர்மின் மிகுந்து நிற்கச் செய்யலாம். காந்தத்தை முறிப்பினோ, ஒவ்வொரு துண்டும் இருமுனையுமுடைய காந்தமாகிவிடும். தனிமுனை இருத்தல் கூடுமென 1931-இல் டிராக் கணித வாயிலாகக் கூறினார். தேடுவார் இன்றும் உளர். ஐயமறக் கண்டார் இலர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. மின்விசை, நிற்கும் மின்துகளையும் ஓடும் மின்துகளையும் ஒப்பத் தாக்கும். காந்தவிசையோ நிற்பதைத் தீண்டாது. ஓடுவதையும், அது செல்லும் நெறிக்கும் காந்தப்புலத்திற்கும் குறுக்கேதான் தள்ளும். ஆதலின் அது திசையை மாற்றுமேயன்றி வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. மின்விசை வண்டியை இழுக்கும் எருது, காந்தவிசை மூக்கணாங்கயிறு என்றோம் நாம். பௌதிக வகுப்பு நண்பர் நகைத்தார். தமிழ் பயில்வார்க்கு உவமையின்றி அமையுமோ! 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எதிர்முனைக் கதிரின்மேல் இவ்விரு விசைகளையும் எதிரெதிரே ஏவி, அது வளையாது நேரே செல்லுமாறு சமன்செய்து, அதன் வேகத்தைக் கணக்கிட்டார். எலெக்ட்ரான் வெளிப்பட்டது அவ்வாராய்ச்சியிலேயே.

ஆயினும் கில்பர்ட் கிழித்த கோடு நிலைத்திலது. மின்னோட்டமுள்ள கம்பி காந்த ஊசியைத் திருப்புதலை 1820-இல் எர்ஸ்டெட் கண்டார். அசையும் காந்தம் கம்பிச் சுருளில் மின்னோட்டத்தை எழுப்புதலை 1831-இல் பாரடே கண்டார். காந்தம் அசையினும் சுருள் அசையினும் எழும் மின்னோட்டம் ஒன்றே. அங்ஙனமாக, முன்னதற்கு மின்விசையும் பின்னதற்குக் காந்தவிசையும் காரணமென இருவேறு கூறுதல் தகுமோ? இவ்வையத்தை முன்வைத்தே ஐன்ஸ்டைன் 1905-இல் தம் புகழ்பெற்ற கட்டுரையைத் தொடங்கினார். சுருளோடு உடன்செல்வான் மின்விசை என்பதனையே, காந்தத்தினருகே நிற்பான் காந்தவிசை என்பான் என்பது அவர் கண்ட முடிபு.