பெண்டிங் மெஷினுக்கு மட்டம் பார்க்க எந்த வழி?

தகடு வளைக்கும் பெண்டிங் மெஷினைச் சரிபார்க்க நான்கு வழிகள் உண்டு. சோதனைத் துண்டு வளைத்துப் பார்க்கலாம். டயல் கேஜ் வைத்துப் பார்க்கலாம். மெஷின் செய்த நிறுவனத்தின் சர்வீஸ் ஆளை அழைக்கலாம். அளவுக் கருவிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கலாம். மதுரையில் கப்பலூர், கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டைகளிலும் ஊருக்குள் இருக்கும் பட்டறைகளிலும் பீரோ, பேனல் பெட்டி, ஷட்டர் எனப் பலவகை வேலை நடக்கிறது. எல்லாருக்கும் ஒரே வழி பொருந்தாது.

முதலில் பிழை எந்த வகை என்று தெரிய வேண்டும். நீளத் தகடு ஒன்றை 90 டிகிரிக்கு வளைத்து இடது முனை, நடு, வலது முனை ஆகிய மூன்று இடங்களிலும் கோணத்தை அளந்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். மூன்றும் ஒரே அளவு தவறினால் பஞ்ச் இறங்கும் ஆழம்தான் சரியில்லை. இரண்டு முனைகளும் வேறுபட்டால் ராம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் கோணம் விரிந்தால் ராமும் பெட்டும் சுமையில் வளைகின்றன, அல்லது டையின் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. இந்த இரண்டில் எது என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. டையை ஓர் அடி பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி வளைக்க வேண்டும். பிழையும் கூடவே நகர்ந்தால் கோளாறு டையில். அதே இடத்தில் நின்றால் மெஷினில். பல இடங்களில் இதைச் செய்யாமலே டைக்கு அடியில் ஷிம் வைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதை டையின் வாய் அகலம் சொல்லும். 2 மி.மீ. தகட்டுக்கு வழக்கமான 16 மி.மீ. வாயில், ஆழம் 0.1 மி.மீ. மாறினால் கோணம் ஏறத்தாழ முக்கால் டிகிரி மாறும். 1 மி.மீ. தகட்டுக்கான 8 மி.மீ. வாயில் அதே 0.1 மி.மீ. ஏறத்தாழ ஒன்றரை டிகிரி. ஆகவே மெல்லிய தகட்டில் வேலை செய்கிறவருக்குத்தான் துல்லியம் அதிகம் வேண்டும். கனமான தகடுதான் கடினம் என்ற எண்ணம் பலத்தைப் பொறுத்தவரை சரி, மட்டத்துக்குப் பொருந்தாது.

சோதனைத் துண்டுக்குச் செலவு இல்லை. சுமையில் மெஷின் எப்படி நடக்கிறது என்பதையும் அது காட்டும். ஆனால் தகட்டின் கனமும் கடினமும் ஷீட்டுக்கு ஷீட் மாறும் என்பதால் அந்தக் குறை மெஷினின் மேல் விழுந்துவிடும். சோதனைத் துண்டுகளை ஒரே ஷீட்டில், ஒரே திசையில் வெட்டுவது அவசியம். டயல் கேஜில் இந்தச் சிக்கல் இல்லை. காந்த அடித்தளத்தை பெட்டின் மேல் நிறுத்தி, முள்ளை ராமின் அடிப்பரப்பில் தொடவைத்து, இரண்டு முனைகளிலும் படித்தால் சாய்வு எத்தனை நூறில் ஒரு மி.மீ. என்று தெரியும். அது சுமையில்லாத நிலை மட்டுமே. டயல் சரி என்று சொல்லியும் வளைப்பு கோணினால் சந்தேகம் டையின் மேலும் ஸ்லைடு தேய்மானத்தின் மேலும் போக வேண்டும். சோதனைத் துண்டு, டயல் கேஜ் இரண்டையும் சேர்த்துச் செய்வதே நல்லது. மின்சாரத்தை நிறுத்தி, ராமுக்கு முட்டுக் கொடுத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

சாய்வைத் திருத்தும் முறை மெஷினைப் பொறுத்தது. பழைய ஃபிளைவீல் மெஷினில் ராமைத் தாங்கும் இரண்டு ஸ்குரூக்களை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றி ஒன்றை மட்டும் திருப்பினால் போதும். அனுபவமுள்ள ஃபிட்டரே செய்வார். டார்ஷன் பார் உள்ள ஹைட்ராலிக்கில் இணைப்பைத் தொட வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். சி.என்.சி.யில் இரு முனைகளுக்கும் தனித்தனி அளவுகோல் இருப்பதால் அளவீடு கன்ட்ரோலில் மாறும். அங்கே சர்வீஸ் ஆளுக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

மதுரைப் பக்கத்தில் மட்டம் தவற வேறு இரண்டு காரணங்களும் உண்டு. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் மண். மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அங்கே அடித்தளம் ஆழமாக இல்லாத மெஷினுக்கு ரசமட்டத்தை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் வைத்துப் பார்ப்பது நல்லது. அடுத்தது வெயில். மேற்குச் சுவரோரம் உள்ள மெஷினின் ஒரு பக்கச் சட்டம் மறுபக்கத்தைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடானால், ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.12 மி.மீ. நீளும். மெல்லிய தகட்டு வேலையில் கோணம் ஒரு டிகிரிக்கு மேல் ஓட இதுவே போதும். காலையில் சரியாக வந்து மாலையில் கோணும் வேலைக்கு, மெஷினைத் திருத்துமுன் சாக்குப் படுதா கட்டிப் பார்க்கலாம்.

ஆய்வகச் சான்று எல்லாருக்கும் தேவைப்படாது. தர ஆவணம் கேட்கும் பெரிய நிறுவனங்களுக்குப் பாகம் செய்பவர்கள் டயல் கேஜ், மைக்ரோமீட்டர், கோணமானி ஆகியவற்றை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சரிபார்த்துத் தேதியோடு வைத்திருக்க வேண்டும். பீரோவும் ஷட்டரும் செய்யும் பட்டறைக்கு ஒரு நல்ல டயல் கேஜும், தேயாத ஒரு மூலைமட்டமும், மாதம் ஒருமுறை அரை மணி நேரமும் போதும்.