கோபுரத்தின் அடியைத் துருவிலிருந்து காத்தல்
(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம் – உலோக அரிப்பு: மீட்டற் பாடம்)

மாணவர்களே, சாவகச்சேரியிலிருந்து ஏ-9 வீதியால் தெற்கே செல்லும்போது, கிளிநொச்சியைத் தாண்டியபின் கொக்காவிலில் உயர்ந்த ஒலி, ஒளிபரப்புக் கோபுரம் ஒன்றைக் காணலாம். முன்னர் அங்கிருந்த கோபுரம் 1990இல் போரினால் அழிந்தது. இப்போதுள்ள, ஏறத்தாழ 170 மீற்றர் உயரமான கோபுரம் 2011 யூனில் திறக்கப்பட்டது.

இத்தகைய உருக்குக் கோபுரங்களைக் காண்போர் உச்சியையே நோக்குவர். ஆனால் கோபுரத்தைத் தாங்குவது அதன் அடி. மேலே பூச்சுப் பளபளத்தாலும், மண்ணுக்குள் உருக்கு மெலிந்துவிட்டால் ஒரு புயற்காற்றில் கோபுரம் சாயலாம். அருகே வீடுகள் இருப்பின் உயிராபத்தும் நேரலாம்.

1. துருப்பிடித்தலுக்கு அவசியமானவை

ஒட்சிசன், நீர் ஆகிய இரண்டும் ஒருங்கே வேண்டும். கொதித்தாறிய நீரில் எண்ணெய்ப் படையின் கீழுள்ள ஆணி துருப்பிடிக்காது. அங்கு ஒட்சிசன் இல்லை. நீரற்ற கல்சியம் குளோரைட்டு இட்டு மூடிய குழாயிலுள்ள ஆணியும் துருப்பிடிக்காது. அங்கு நீராவி இல்லை.

கவனிக்க: "துருப்பிடிக்க உப்பு அவசியம்" என எழுதுவது பிழை. உப்பு நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டித் துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த எமது குடாநாட்டில் இவ்விளைவு அதிகம்.

2. நிகழும் தாக்கங்கள்

அனோட்டில்: இரும்பு → இரும்பு அயன் + 2 இலத்திரன்கள் (ஒட்சியேற்றம்)
கதோட்டில்: ஒட்சிசன் + நீர் + இலத்திரன்கள் → ஐதரொட்சைட்டு அயன்கள் (தாழ்த்தல்)

இவ்வயன்கள் சேர்ந்து, மேலும் ஒட்சியேறி, நீரேற்றப்பட்ட இரும்பு ஒட்சைட்டாகின்றன. இதுவே செங்கபில நிறத் துருவாகும்.

3. அடிப்பகுதி முதலில் பழுதடைவது ஏன்?

(அ) மண், புல், சருகு என்பன ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேற்பகுதி மழைக்குப்பின் காய்ந்துவிடும், அடி காயாது.

(ஆ) மண்ணுக்குள் ஒட்சிசன் குறைவு, மேலே அதிகம். ஒட்சிசன் குறைந்த பகுதி அனோட்டாகி அரிக்கப்படும். எனவே மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே சேதம் கூடுதலாகக் காணப்படும்.

(இ) மின்னலிலிருந்து காக்கக் கோபுரம் புவித்தொடுப்புச் செய்யப்படும். இதற்குச் செப்புக் கோலைப் பயன்படுத்தினால், ஈரமண்ணில் உருக்கும் செம்பும் மின்கலம்போல் இயங்கும். செம்பைவிடத் தாக்குதிறன் கூடிய நாகப் பூச்சு முதலில் கரையும். பின்னர் உருக்கு அரிக்கப்படும். இதற்காகப் புவித்தொடுப்பை அகற்றலாகாது. நாகம் பூசிய உருக்குக் கோலைப் பயன்படுத்தலாம்.

(ஈ) நல்ல கொங்கிறீற்று காரத்தன்மையானது. உள்ளேயுள்ள உருக்கைக் காக்கும். உப்பு உட்புகுந்தால் அக்காப்பு அழியும். துருவின் கனவளவு இரும்பைவிடக் கூடியது. ஆதலால் கொங்கிறீற்று வெடிக்கும். கழுவாத கடல் மணலால் கட்டிய கூரைத் தட்டிலும் இதுவே நிகழ்கிறது.

4. பாதுகாப்பு முறைகள்

• பூச்சுப் பூசல்: நீரையும் ஒட்சிசனையும் தடுக்கிறது. 1889இல் திறக்கப்பட்ட பாரிசு ஈபெல் கோபுரம் பின்னர் வானொலிக்கும் பயன்பட்டது. அது ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூசப்படுகிறது. ஒருமுறைக்குச் சுமார் 60 தொன் பூச்சு வேண்டும். மண்ணுள் இருக்கும் பகுதிக்குத் தார் வகைப் பூச்சுப் பொருத்தமானது.

• கல்வனைசுப்படுத்தல்: இரும்பின்மீது நாகம் பூசுதல். கீறல் விழுந்தாலும் நாகமே முதலில் அரிக்கப்படும். கிணற்றடி வாளியில் இதைக் காணலாம். ஆனால் வெள்ளீயம் பூசிய ரின்மீன் பேணியில் கீறல் விழுந்தால் இரும்பே விரைவாக அரிக்கப்படும்.

• கதோட்டுப் பாதுகாப்பு: மகனீசியம் அல்லது நாகக் கட்டியை மண்ணில் புதைத்துக் கம்பியால் உருக்குடன் இணைத்தல். கட்டி அனோட்டாகித் தன்னை இழக்கும். உருக்குக் கதோட்டாகித் தப்பும். கட்டி கரைந்து முடியுமுன் மாற்ற வேண்டும்.

• பராமரிப்பு: கொங்கிறீற்று அடித்தளத்தின் மேற்பகுதியை நிலமட்டத்துக்கு மேல் உயர்த்தி, நீர் வழிந்தோடச் சரிவாக அமைத்தல்; புல், சருகுகளை அகற்றல்; கம்பிகளால் இழுத்துக் கட்டிய கோபுரமாயின், அக்கம்பிகளைப் பிணைக்கும் நிலத்தடிக் கோல்களையும் உரியவர்களைக் கொண்டு பரிசோதித்தல்.

5. மாதிரி வினா

ஏகார் ஜெலியில் பொற்றாசியம் பெரிசயனைட்டும் பினோத்தலீனும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆணி 'க' மகனீசியத்துடனும் ஆணி 'ங' செம்புக் கம்பியுடனும் சுற்றப்பட்டு அதில் வைக்கப்பட்டன.

(i) நீல நிறம் எந்த ஆணியில் தோன்றும்? ஏன்?
(ii) கோபுர அடிக்கு இதிலிருந்து பெறும் பாடம் யாது?

விடை:
(i) 'ங' இல். இரும்பு, செம்பைவிடத் தாக்குதிறன் கூடியது. எனவே அது அனோட்டாகி இரும்பு அயன்களைத் தரும். அவையே நீல நிறம் தருவன. 'க' இல் மகனீசியம் அரிக்கப்படுவதால் ஆணி காக்கப்படும். ஆணியைச் சூழ இளஞ்சிவப்பு நிறம் மட்டும் தோன்றும்.
(ii) இரும்பைவிடத் தாக்குதிறன் கூடிய உலோகத்தை இணைத்தால் அடி காக்கப்படும். குறைந்ததை இணைத்தால் அரிப்பு விரைவாகும்.

நினைவிற் கொள்க: விடையில் "தாக்குதிறன் கூடியது" என்று மட்டும் எழுதாது, எதைவிடக் கூடியது என்பதையும் குறிப்பிடுக. ஒப்பீடு இல்லாத விடை முழுமையற்றது.