பெண்கள் கூடும் மாலைப் பானக விருந்து: சரக்குப் பட்டியல் எழுதும் முறை



நவராத்திரி வந்தால் நாகல் நகர்த் தெருக்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் பெண்கள் நடமாட்டம் அதிகரிப்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. கொலு வைத்த வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். பாட்டு, பேச்சு, சுண்டல், தாம்பூலம் என்று மாலை கழியும். வளைகாப்பு நாளிலும் இப்படித்தான்.

இப்போது இதே கூட்டத்துக்கு இன்னொரு பெயரும் வந்திருக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்களும் பழைய பள்ளித் தோழிகளும் ஒரு வீட்டில் கூடி, 'காக்டெயில் பார்ட்டி', 'மாக்டெயில் பார்ட்டி' என்று நடத்துகிறார்கள். பெயரைக் கேட்டு நாம் திகைக்க வேண்டியதில்லை. காக்டெயில் என்பது மதுவும் இனிப்பும் நீரும் கசப்பும் கலந்த பானம் என்று 1806-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை விளக்கம் எழுதியது. மது விற்பனை நம் தொழில் அல்ல. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மதுவை நீக்கினால் மிச்சம் நிற்பவை சர்க்கரை, எலுமிச்சை, சோடா, இஞ்சி, ஏலம், பழம் ஆகியவையே. இவை எல்லாம் நம் கடையிலோ பக்கத்துக் கடையிலோ கிடைக்கும் சரக்குகள்.

ஆகவே இம்மாதப் பாடமாக, இருபத்தைந்து பெண்கள் கூடும் ஒரு மாலைக்குப் பட்டியல் எழுதும் முறையைப் பார்ப்போம்.

நாம் பட்ட பாடு

முதலில் நம் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் கடையில் மாதச் சாமான் வாங்கும் ஓர் அம்மாள் கொலுவுக்கு ஆள் அழைத்திருந்தார். "அண்ணாச்சி, கலர் பாட்டில் பெருசா ஆறு குடுங்க. ஐஸ் சாயங்காலம் அனுப்பிருங்க" என்றார். கேட்டதைக் கொடுத்தோம். எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐஸ்கட்டிக்குச் சொல்லி வைத்த இடத்திலிருந்து சரக்கு இரவு எட்டு மணிக்கு வந்தது. அதற்குள் வந்தவர்கள் வெதுவெதுப்பான கலரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார்கள். சர்க்கரை நோய் உள்ள மூத்த பெண்களுக்கு வெறும் தண்ணீர்தான்.

மறுநாள் அந்த அம்மாள் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த மாதச் சாமான் பட்டியல் நம் கடைக்கு வரவில்லை. ஓராண்டு கழித்து வழியில் பார்த்துக் கேட்டபோதுதான், "வந்தவங்க முன்னாடி தலைகுனிவாப் போச்சு அண்ணாச்சி" என்றார். ஒரு மாலைச் சரக்கில் நமக்குக் கிடைத்த லாபம் அற்பம். போனது ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பக் கணக்கு.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பட்டியல் எழுதும் முன் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. எத்தனை பேர் வருவார்கள்? குழந்தைகள் தனியாக எத்தனை?
2. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?
3. வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்களா, இதுவே இரவுச் சாப்பாடா?
4. சர்க்கரை நோய், விரதம், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் உண்டா?

"இதெல்லாம் எதுக்குக் கேக்குறீங்க?" என்று சிலர் நினைக்கலாம். "சரக்கு குறையவும் கூடாது, மிஞ்சவும் கூடாதும்மா, அதுக்குத்தான்" என்று சொன்னால் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

பானகக் கணக்கு

கணக்கு எளிது. முதல் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு தம்ளர். அதன்பின் மணிக்கு ஒரு தம்ளர். மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை மூன்று மணி நேரம் என்றால் ஆளுக்கு 4 தம்ளர். 25 பேருக்கு 100 தம்ளர். தம்ளருக்கு 100 மில்லி பானம் என்று வைத்தால் மொத்தம் 10 லிட்டர்.

வகைகள் மூன்று போதும். அதற்கு மேல் போனால் வீட்டுக்காரப் பெண் சமையலறையை விட்டு வெளியே வர முடியாது. மூன்றில் ஒன்று கட்டாயம் இனிப்பில்லாததாக இருக்க வேண்டும்.

முதல் வகை, நன்னாரி எலுமிச்சை, 40 தம்ளர். தம்ளருக்கு 20 மில்லி சர்பத் வீதம் 800 மில்லி தேவை. ஒரு லிட்டர் கொடுக்கலாம். தம்ளருக்கு அரைப் பழம் வீதம் எலுமிச்சை 20. அழுகல், சாறு வற்றியது என்று 4 கூடுதலாகச் சேர்த்து 24. சிறுமலை எலுமிச்சை கிடைத்தால் அதையே வாங்கச் சொல்லுங்கள். பழத்தை மதியமே பிழிந்து வைத்தால் சாறு கசக்கும். பரிமாறும் நேரத்துக்கு அரை மணி முன்பு பிழிந்தால் போதும்.

இரண்டாம் வகை, பன்னீர் திராட்சை சோடா, 30 தம்ளர். தம்ளருக்குச் சாறு 40 மில்லி, சோடா 60 மில்லி. சாறு 1.2 லிட்டருக்குப் பழம் இரண்டரைக் கிலோ, சர்க்கரை 300 கிராம். சோடா 1.8 லிட்டர், 200 மில்லி பாட்டிலாக 9 தேவை, 12 கொடுங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தால் விருந்தில் அதுவே ஒரு பேச்சாகும். பழத்தை மிக்சியில் அடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். விதை உடைந்தால் சாறு துவர்க்கும். சிறிது நீர்விட்டு இளஞ்சூட்டில் வைத்து, மசித்து வடிகட்டி, ஆறியபின் குளிர வைக்க வேண்டும்.

மூன்றாம் வகை, நீர்மோர், 30 தம்ளர். தயிர் 1 லிட்டர், நீர் 2 லிட்டர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் இதுவே முதல் பானம்.

சோடாவின் குணம்

சோடாவை விற்கும் நாம் அதன் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும். சோடாவில் கரைந்திருப்பது கரியமில வாயு. நீர் குளிர்ந்திருந்தால் வாயு தங்கும், சூடேறினால் வெளியேறிவிடும். ஆகவே பாட்டிலையும் சாற்றையும் தனித்தனியே குளிர வைத்து, கடைசியாகச் சோடாவை ஊற்ற வேண்டும். ஊற்றியபின் கலக்குவதைக் குறைக்க வேண்டும். உப்புச் சோடா கேட்டால் உப்பை எலுமிச்சைச் சாற்றில் முதலில் கரைத்துவிட வேண்டும். சோடாவின் மேல் உப்பைத் தூவினால் பொங்கி வழிந்து பாதி தரைக்குப் போகும்.

கோலி சோடா பாட்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிராம் காட் 1872-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி மூடியாக்குகிறது. விருந்தில் பெண் குழந்தைகள் அதை உடைத்துக் குடிக்க ஆசைப்படுவார்கள். காலிப் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி, சீட்டில் எண்ணிக்கை எழுதிக் கொடுங்கள்.

வரிக் கணக்கும் இங்கே உதவும். 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த வாயு பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். சர்க்கரை சேர்க்காத வெறும் சோடாவுக்கு 5 சதவீதம். சோடாவை வாங்கி வீட்டில் பழச்சாறு கலந்துகொள்வது வாடிக்கையாளருக்குச் சிக்கனம். நமக்கும் எலுமிச்சை, சர்க்கரை, சர்பத் என்று மூன்று சரக்கு கூடுதலாக நகரும்.

ஐஸ்கட்டி

முதல் இரண்டு வகைகளின் 70 தம்ளருக்கு, தம்ளருக்கு 50 கிராம் வீதம் மூன்றரைக் கிலோ வேண்டும். பாட்டில்களைக் குளிர வைக்கவும், உருகி வீணாவதற்கும் சேர்த்து 10 கிலோ என்று எழுதுங்கள். குடிநீரில் செய்த ஐஸ் மட்டுமே தர வேண்டும். உண்பதற்கு அல்லாத ஐஸ்கட்டிக்கு நீல நிறம் சேர்க்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் அறிவுறுத்தியிருக்கிறது. பாட்டிலைச் சுற்றிப் போடும் ஐஸும் தம்ளரில் போடும் ஐஸும் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்க வேண்டும்.

விருந்து ஐந்தரைக்கு என்றால் ஐஸ் ஐந்து மணிக்கு வாசலில் இறங்க வேண்டும். நாலரைக்கு வரவில்லை என்றால் வேறு இடத்துக்கு ஆள் அனுப்புவதற்கு நேரம் இருக்கும். நாம் பாடம் கற்றது இந்த இடத்தில்தான்.

சிற்றுண்டி

இனிப்புப் பானத்துக்கு எதிரே உப்பும் உறைப்பும் புளிப்பும் வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறவர்கள் என்றால் 25 பேருக்குக் கீழ்க்கண்டவை போதும்.

கொண்டைக்கடலை 1 கிலோ. ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஆளுக்கு 80 கிராம் சுண்டல் கிடைக்கும்.
வடைக்குப் பருப்பு 1 கிலோ. ஆளுக்கு 2 வீதம் 50 வடைக்குப் போதும்.
புளியோதரைக்கு அரிசி ஒன்றரைக் கிலோ, புளி கால் கிலோ, நல்லெண்ணெய் 300 மில்லி, நிலக்கடலை கால் கிலோ.
பொரிக்க எண்ணெய் ஒன்றரை லிட்டர்.
சிறுமலை வாழைப்பழம் ஆளுக்கு ஒன்று. வத்தலக்குண்டு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் தாம்பூலத்துக்கு.

இதுவே இரவுச் சாப்பாடு என்றால் அரிசியை இரண்டு மடங்காக்கி, ஒரு தயிர்சாதமும் சேர்க்க வேண்டும். பொரித்த பண்டம் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று நாமே சொல்லிவிடலாம். "எண்ணெய் விக்கிற கடைக்காரரே வேணாங்கிறாரே" என்று நம் வார்த்தைக்கு மதிப்புக் கூடும்.

தம்ளர்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தம்ளர், உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தம்ளர் ஆகியவற்றுக்குத் தடை இருக்கிறது. கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வாடகைப் பாத்திரக் கடையில் 50 எவர்சில்வர் தம்ளருக்குச் சொல்லி வையுங்கள். ஆளுக்கு இரண்டு இருந்தால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

மூன்று தவணையில் அனுப்புங்கள்

மூன்று நாள் முன்பு மளிகைச் சாமான். முதல் நாள் மாலை பழமும் கீரைக்கட்டும் தயிரும். அன்று மாலை சோடாவும் ஐஸும். ஒரே சீட்டில் மூன்று தேதியும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பிரிக்காத பொட்டலங்களை இரண்டு நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் எழுதுங்கள். பழம், தயிர், ஐஸ் திரும்ப எடுப்பதில்லை என்பதையும் அதே சீட்டில் எழுதிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

நம்மிடம் இல்லாத சரக்குக்கு அவரை அலைய விடாதீர்கள். பழக்கடைக்கும் பூக்கடைக்கும் சோடாக்காரருக்கும் நாமே சொல்லி அனுப்பலாம். இதில் கமிஷன் எதிர்பார்க்க வேண்டாம். நிலக்கோட்டை மல்லிகை வாங்க வந்தவரைப் பூக்கடைக்காரர் நாளை நம்மிடம் அனுப்புவார்.

முடிவாக

இன்று கைப்பேசியில் தட்டினால் சரக்கு வாசலுக்கு வருகிறது. பெரிய அங்காடிகள் விலையைக் குறைத்து எழுதுகின்றன. அந்த விலைக்கு நாம் எப்போதும் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் அந்த வீட்டு மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, மோர் வேண்டும் என்று நினைவு வைத்துச் சொல்லக்கூடியவர் தெருக்கோடிக் கடைக்காரர்தான். நமக்கு இருக்கும் பெரிய முதல் அது.

மேலே சொன்ன அம்மாள் இப்போது மீண்டும் நம்மிடம் வாங்குகிறார். மறுபடி ஒரு கொலுவுக்குப் பட்டியல் கேட்டு வந்தபோது, பேனாவை எடுத்து, "எத்தனை பேர் வருவாங்கம்மா?" என்றுதான் தொடங்கினோம். அன்று ஐஸ் ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இறங்கியது. மறுநாள் பிரிக்காத அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. அதற்குரிய பணத்தைக் கொடுத்தோம். அவர் அதை வாங்கிக்கொண்டு, அந்த மாதச் சாமான் பட்டியலை மேசைமேல் வைத்தார்.

உறுப்பினர்கள் இந்தக் கணக்கைத் தனித்தாளில் எழுதிக் கல்லாப்பெட்டி அருகே ஒட்டி வைக்கலாம். ஐம்பது பேர் என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள். ஐஸ்கட்டி வரும் நேரத்தை மட்டும் இன்னும் அரை மணி முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.