தேரி மணலின் வயது

தேரிக்காட்டு விவசாயிகள் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பது ஒன்றுண்டு: "ஐயா, இந்தச் செம்மணல் கடல் போட்டதா, காத்து போட்டதா?" இரண்டுமே உண்மைதான். கடலும் ஆறும் கொண்டுவந்த மணலைக் காற்று வாரிக் குவித்தது. சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பகுதித் தேரிகள் அப்படி உண்டானவையே.

எப்போது குவிந்தது என்பதை மணலே சொல்கிறது. மண்ணில் மிகச் சிறிதளவு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் உண்டு. அவற்றின் கதிர்வீச்சுச் சக்தி, புதைந்து கிடக்கும் மணல் பரலுக்குள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்கிறது, குதிரில் நெல் சேர்வதுபோல. பரல்மீது வெயில் பட்டால் குதிர் காலி. மேலே மணல் மூடியதும் மீண்டும் சேரத் தொடங்கும். எனவே மாதிரி எடுக்கும்போது இரும்புக் குழாயைக் குன்றின் பக்கவாட்டில் அடித்துச் செருகி, வெளிச்சம் படாமல் இரு வாயையும் மூடி எடுக்கிறார்கள். சோதனைச்சாலை இருட்டறையில் அப்பரலின்மீது ஒளியைச் செலுத்தினால், சேர்ந்த சக்தி ஒளியாக வெளிவரும். அதை அளந்து ஓராண்டுச் சேர்மானத்தால் வகுத்தால் வயது கிடைக்கும்.

ராஜஸ்தான் மணற்குன்றுகளின் வயதை, பரலைச் சூடாக்கி அளக்கும் முறையில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அசோக் சிங்வியும் உடன் உழைத்தவர்களும் 1982இல் வெளியிட்டனர். நம் தேரி மணலுக்கு ஒளி முறையில் கிடைத்த வயது சுமார் 11,400 ஆண்டு முதல் 5,600 ஆண்டு வரை. தேரியில் அகப்படும் சிறு கல் சில்லுகள் அக்கால மனிதரின் கருவிகள். கண்டால் வீசி எறிந்துவிடாதீர்கள்!

சரி, வயதை அறிந்து விவசாயிக்கு என்ன பயன்? கடற்கரை மணல் வெளிறியது. தேரி மணல் சிவந்தது. மணலோடு கலந்திருக்கும் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள் சிதைந்து, அவற்றின் இரும்பு பரல்மீது படிந்து சிவப்பாக, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அத்துடன் சேர்ந்த சொற்பக் களிதான் ஈரத்தையும் எருவையும் பிடித்து வைக்கிறது. மேட்டை இயந்திரத்தால் சரித்து, பனையையும் உடையையும் வெட்டிவிட்டால், ஆடிக் காற்று முதலில் கொண்டுபோவது அந்தக் களியைத்தான். மிஞ்சும் வெறும் மணல் அடுத்தவர் புஞ்சையை மூடும். உங்கள் ஆயுளில் அந்தக் களி திரும்பி வராது.

ஆகவே ஆடிக்கு முன் தேரியை உழுது திறந்து போடாதீர்கள். முருங்கை, முந்திரி வைப்பவர்கள் நிலம் முழுவதையும் கிளறாமல் குழி மட்டும் தோண்டி, குளத்து வண்டலும் தொழு உரமும் கலந்து நிரப்பினால் போதும். மேற்கு, தென்மேற்கு வரப்புகளில் புரட்டாசியில் பனங்கொட்டை ஊன்றலாம்.