ஐரோப்பாவில் ஒரு கோடை: எந்த வழியில் போவது?

டிகிரி படிக்கிற பிள்ளை ஒரு கோடையை ஐரோப்பாவில் படித்துக் கழிக்க மூன்று வழிகள் உண்டு. பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்று நான்கு வாரம் நடத்தும் சம்மர் ஸ்கூல், உதவித்தொகையோடு ஆய்வகத்தில் இரண்டு மூன்று மாதம் வேலை பார்க்கும் இன்டர்ன்ஷிப், மொழி வகுப்பு. விளம்பரம் எல்லாம் முதலாவதற்குத்தான். ஆந்திராவின் கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி பக்கத்துக் குடும்பங்கள் அதைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும் என்பேன். எந்த நாடு, எந்த ஊர் என்பதைவிட, அங்கே பகல் முழுக்க யாரோடு உட்கார்ந்து என்ன செய்யப்போகிறோம் என்பதே முக்கியம்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். நம் பக்கத்தில் செமஸ்டர் தேர்வுகள் ஏப்ரல், மே வாக்கில் முடிந்து, ஜூன், ஜூலையில் கல்லூரி திறந்துவிடும். ஐரோப்பிய சம்மர் ஸ்கூல்களில் பெரும்பாலானவை ஜூலை, ஆகஸ்டில் நடக்கின்றன. போனால் இங்கே வருகைப்பதிவு போகும். அங்கேயும் அந்த மாதங்களில் உள்ளூர் மாணவர்கள் விடுமுறையில் இருப்பார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் உங்களைப் போலவே சில வாரத்துக்கு வந்த வெளிநாட்டவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். ஜெர்மனியிலோ கோடைப் பருவ வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கி ஜூலை நடுவரை ஓடுகின்றன. மே பாதியில் போய் இறங்கும் இன்டர்ன் முழு வேகத்தில் இயங்கும் ஆய்வகத்துக்குள் நுழைகிறார். ஆராய்ச்சி மாணவர்களோடு மதியம் மென்சா என்கிற பல்கலைக்கழக உணவகத்தில் வரிசையில் நிற்கிறார், வாரக் கூட்டத்தில் தன் வேலையைச் சொல்லிக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். பிரான்சுக்குப் போவதானாலும் மே, ஜூன்தான் நல்லது. ஆகஸ்டில் அங்கே ஆய்வகங்கள் வெறிச்சோடிவிடும்.

அடுத்தது பணம். 2024 ஜூன் முதல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று சுமாராக வைத்தால் 9,000 ரூபாய். அதை நம் தோப்புக் கணக்கில் பாருங்கள். 2025ல் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தபோது சித்தூர் விவசாயிக்கு நிர்ணயிக்கப்பட்டது கிலோவுக்கு 12 ரூபாய். அதிலும் 4 ரூபாய் அரசு தந்தது. அந்தக் கணக்கில் விசாவுக்கு மட்டும் முக்கால் டன் மாங்காய். சம்மர் ஸ்கூல் கட்டணமும் தங்குமிடமும் சேர்ந்து 1,500 யூரோ என்று குறைத்தே வைத்தாலும் பன்னிரண்டரை டன். ஒன்றிரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவருக்கு ஒரு பருவ விளைச்சலுக்கும் மேல். விமான டிக்கெட் தனி. மாங்காய்ப் பணம் கைக்கு வருவது ஜூன், ஜூலைக்குப் பிறகு. கட்டணமோ வசந்த காலத்திலேயே கட்டியாக வேண்டும். நடுவில் வட்டிக்கு வாங்க நேரும். மூன்று வாரத்துச் சான்றிதழுக்காக அப்படிக் கடன்படுவது நியாயமில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற பெயர்கள் ஈர்க்கும். அங்கே மூன்று வாரப் பாடத்துக்குக் கட்டணமே ஆயிரக்கணக்கான பவுண்டு, ஷெங்கன் விசாவும் பிரிட்டனில் செல்லாது.

உதவித்தொகை தரும் திட்டங்கள் ஐஐடி பிள்ளைகளுக்குத்தானே என்று கேட்பார்கள். பாதி உண்மை. ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு நடத்தும் வைஸ் (WISE) என்ற கோடை இன்டர்ன்ஷிப் திட்டம் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கானது. அது குறிப்பிடும் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களே விண்ணப்பிக்க முடியும். ஆனால் ஜெனீவாவின் செர்ன் (CERN) ஆய்வுக்கூடத்தின் கோடை மாணவர் திட்டத்தில் அப்படிப் பார்ப்பதில்லை. இயற்பியல், கணிதம், கணினி, பொறியியலில் மூன்றாண்டு முடித்தவர் எந்தக் கல்லூரியில் படித்தாலும் விண்ணப்பிக்கலாம். 2017லிருந்து இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு. பயணச்செலவுக்கும் அன்றாடச் செலவுக்கும் பணம் தருகிறார்கள். ஜூலையில் காலை நேரம் சொற்பொழிவு, மற்ற நேரம் ஒரு ஆய்வுக் குழுவோடு வேலை. போட்டி கடுமைதான். பிரெஞ்சுத் தூதரகத்தின் சர்பாக் லேப் உதவித்தொகைக்கு, அங்குள்ள ஓர் ஆய்வகத்தின் அழைப்புக் கடிதத்தை முதலில் நாமே தேடிப்பெற வேண்டும். அந்தக் கடிதத்துக்குத் தேவை முன்னனுபவம். அது கிடைக்கும் இடமோ பக்கத்திலேயே இருக்கிறது. 2015ல் தொடங்கிய திருப்பதி ஐஐடியும் ஐசர் (IISER) அறிவியல் நிறுவனமும் இப்போது ஏர்ப்பேடு பக்கம் இயங்குகின்றன. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து தரும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகையும் உண்டு. ஆந்திர டிகிரி படிப்பை 2020-21ல் மாற்றியபோதே பத்து மாத இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எப்படியும் செய்தாக வேண்டிய அதை ஒப்புக்குச் செய்யாமல் ஒரு நல்ல ஆய்வகத்தில் செய்தால், அடுத்த கோடைக்கான பரிந்துரைக் கடிதம் அங்கிருந்தே வரும். இரண்டாம் ஆண்டுக் கோடை ஏர்ப்பேடு, மூன்றாம் ஆண்டுக் கோடை ஐரோப்பா என்ற வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படியானால் பி.ஏ., பி.காம். பிள்ளைகள்? ஆய்வகக் கதவு அவர்களுக்குத் திறப்பது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு மொழி வகுப்பு. ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கோடை மொழி வகுப்புகளுக்கும் டாட் உதவித்தொகை உண்டு, ஆனால் ஓரளவு ஜெர்மன் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். அதை இணையத்திலோ சென்னை கோத்தே இன்ஸ்டிட்யூட்டிலோ கற்கலாம். இந்தத் தேவையைத் தடையாகப் பார்க்க வேண்டாம். விசா மறுக்கப்பட்டாலும் படித்த ஜெர்மன் கூடவே இருக்கும். சம்மர் ஸ்கூலுக்குக் கட்டிய பணம் அப்படியல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சம்மர் ஸ்கூலுக்கே போகட்டும், பல நாட்டவரோடு பழகுவதும் படிப்புத்தான் என்பார்கள். மறுக்கவில்லை. அப்போதும் கிரெடிட்டைப் பாருங்கள். ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. எத்தனை கிரெடிட், அவற்றை நம் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டால் மிகப் பெரிய சிக்கல் அறை. ஜெர்மனியில் மே, ஜூன், ஜூலை வகுப்புக் காலம் என்பதால் மாணவர் விடுதிகள் நிரம்பியிருக்கும். உங்களை ஆய்வகத்தில் ஏற்ற பேராசிரியருக்கு எழுதும் இரண்டாவது கடிதத்திலேயே அறைக்கு யார் உதவுவார்கள், மாணவர் அட்டை தருவார்களா என்று கேளுங்கள். அட்டை இல்லாவிட்டால் மென்சாவில் விருந்தாளி விலைதான். விடுதிகளில் சமையலறை பொது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அரிசி பருப்பு சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு கட்டாயம். கைரேகை தர ஒரு நாள் புத்தூரில் ரயிலேறிச் சென்னை போய்வர வேண்டியிருக்கும். வைஸ் விண்ணப்பம் பொதுவாக நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது, செர்ன் ஜனவரி கடைசியில். எனவே ஆய்வகத்தில் இடம் கேட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்க வேண்டியது ஆகஸ்டில், அவர்களுடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு.