அணை காணாத ஆறு

நுழையும்முன்

மலை சார்ந்த நிலத்தைக் குறிஞ்சி என்றும், காட்டை முல்லை என்றும், வயலை மருதம் என்றும், கடற்கரையை நெய்தல் என்றும் நம் முன்னோர் பெயரிட்டு அழைத்தனர். இந்நான்கையும் ஒரே நாளில், ஓர் ஆற்றின் வழியே நடந்து காண இயலுமா? கர்நாடக மாநிலத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் இயலும். வாருங்கள், அந்த ஆற்றோடு நாமும் செல்வோம்.

மலையில் பிறந்த ஆறு

மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடையே அமைந்தது உத்தர கன்னடம். காளி, கங்காவளி, அகநாசினி, சராவதி என்னும் நான்கு ஆறுகள் இங்கே மேற்கு நோக்கிப் பாய்கின்றன. காளியிலும் சராவதியிலும் மின்சாரம் எடுப்பதற்காகப் பேரணைகள் கட்டப்பட்டுள்ளன. அகநாசினியில் பேரணை ஏதும் இல்லை. சிர்சி நகர்ப் பகுதியில் தோன்றும் அவ்வாறு, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது.

பெயரைக் கேட்டதும் 'அகம்' என்னும் தமிழ்ச்சொல் உங்கள் நினைவுக்கு வரலாம். இது அச்சொல் அன்று. வடமொழியில் பாவத்தைக் குறிக்கும் சொல் இது. 'பாவத்தை அழிப்பவள்' என்பதே ஆற்றின் பெயர்ப்பொருள்.

அருவியும் காடும்

நான் இம்மாவட்டத்தில் பணியாற்றியபோது, ஒரு நவம்பர் மாதம் மாணவர்களோடு உஞ்சள்ளி அருவிக்குச் சென்றேன். காட்டுப் பாதையில் நடக்கையில் அருவி கண்ணுக்குத் தெரியுமுன் அதன் ஓசை காதை நிறைத்தது. அகநாசினி அங்கே 116 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அருகில் பேசுவோர் குரலும் கேளாத பேரோசை என்பதால், 'செவிட்டு அருவி' என்று பொருள்படும் 'கெப்ப ஜோக' என்னும் பெயரும் அதற்கு உண்டு.

"ஐயா, மழை நின்று பல நாள் ஆயிற்றே! இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல வினா. மழைநீரைக் காட்டின் மண்ணும் வேரும் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. பின்னர்ச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. காடு அழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமே மிஞ்சும்.

உஞ்சள்ளி இருக்கும் சித்தாபுர வட்டத்திலேயே கத்தலேகான் என்னும் காடு உள்ளது. கன்னடத்தில் 'கத்தலெ' என்றால் இருள். 'கான்' என்றால் காடு. தமிழிலும் கான், கானகம் என்கிறோம் அல்லவா? வெயில் புகாத அவ்விருண்ட காட்டில், ஜாதிக்காய் இனத்தைச் சேர்ந்த காட்டு மரங்கள் சதுப்பு நிலத்தில் வளர்கின்றன. மூச்சு விடுவதற்காக அவற்றின் வேர்கள் முழங்கால் மடிந்ததுபோல் சேற்றுக்கு மேலே வளைந்து நிற்கும்.

இக்காடுகளில் சோலைமந்தி வாழ்கிறது. கருமையான உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சம் உடைய வால் ஆகியவை அதன் அடையாளங்கள். உலகில் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. அதனைக் காப்பதற்காக 2011ஆம் ஆண்டு அகநாசினிப் பள்ளத்தாக்கில் ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது.

மரத்தைத் தழுவிய மக்கள்

இக்காடு தானாக எஞ்சவில்லை. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், சிர்சிக்கு அருகிலுள்ள சால்கனி ஊர் மக்கள் காட்டுக்குள் சென்று, வெட்டப்படவிருந்த மரங்களைக் கட்டித் தழுவி நின்றனர். இமயமலைப் பகுதியில் நடந்த சிப்கோ இயக்கமே அவர்களுக்கு வழிகாட்டி. 'அப்பிகோ' என்று இவ்வியக்கம் பெயர் பெற்றது. 'தழுவிக்கொள்' என்பது அதன் பொருள். தமிழில் நாம் 'அப்பிக்கொள்' என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மொழிகள் உடன்பிறந்தவை என்பது இத்தகைய சொற்களில் விளங்கும்.

கரும்பாறைக் கோபுரங்கள்

மலைச்சரிவில் இறங்கினால் யாணா என்னும் ஊர் வரும். அடர்ந்த காட்டின் நடுவே இரண்டு கரும்பாறைகள் கோபுரங்கள்போல் ஓங்கி நிற்கின்றன. பைரவேசுவர சிகரம் 120 மீட்டரும் மோகினி சிகரம் 90 மீட்டரும் உயரம் உடையவை. இவை சுண்ணாம்புப் பாறைகள். நீண்ட காலம் மழைநீர் கரைத்துக் கரைத்து இவற்றைக் கூரிய வடிவில் செதுக்கியுள்ளது. பாறையில் தேனடைகள் தொங்குவதால் அங்கே கூச்சலிடுதல் கூடாது. அங்கு ஓடும் சண்டிகா என்னும் சிற்றோடையும் இறுதியில் அகநாசினியிலேயே கலக்கிறது.

கழிமுகத்தின் செல்வம்

மாலையில் கழிமுகத்தை அடைந்தோம். கடல்நீர் வற்றியிருந்தது. இடுப்பளவு நீரில் நின்று பெண்களும் ஆண்களும் எதையோ அள்ளிக் கூடையில் இட்டுக்கொண்டிருந்தனர்.

"அவர்கள் எடுப்பது மட்டி" என்றேன்.

ஒரு மாணவன் சிரித்துவிட்டான். "எங்கள் பாட்டி என்னைத் திட்டும் சொல் அல்லவா அது!" என்றான்.

அறிவு மழுங்கியவரையும் மட்டி என்பர். இரு ஓடுகளுக்குள் வாழும் இவ்வுயிரியையும் மட்டி என்பர். பாட்டியின் வசைச்சொல்லால் ஒரு நெய்தல் உயிரியின் பெயர் அவன் மனத்தில் பதிந்தது.

மட்டி வளர்வதற்கு ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் உரிய அளவில் கலக்க வேண்டும். அணையில் தேக்கிய நீரை மின்சாரத்துக்காக ஆண்டு முழுவதும் திறந்துவிட்டால், கழிமுகத்தில் உப்பு குறைந்து மட்டி அழியும். அண்டை ஆறான சராவதியின் கழிமுகத்தில் மட்டிவளம் அவ்வாறே குன்றியது. அகநாசினியில் பருவத்திற்கேற்ப நீர் வருவதால் மட்டியும் பிழைத்தது. அதனை நம்பிய குடும்பங்களும் பிழைத்தன.

கரையோர வயல்களில் 'கக்க' என்னும் நெல் விளைகிறது. உப்பையும் வெள்ளத்தையும் தாங்கும் பழைய நெல்வகை அது. சற்றுத் தொலைவில் சாணிகட்டா உப்பளங்கள் உள்ளன. அலையாத்தி மரங்கள் கரையை அரிப்பிலிருந்து காக்கின்றன.

2024ஆம் ஆண்டு இக்கழிமுகம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உலகின் சிறப்புமிக்க ஈரநிலங்களின் பட்டியல் அது. அதே வேளையில் பட்டியலில் சேர்ந்தவற்றுள் தமிழ்நாட்டின் கரைவெட்டிப் பறவைகள் காப்பகமும் நீலகிரியின் லாங்வுட் சோலையும் உண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

நாம் செய்ய வேண்டியது

படகில் ஏறித் ததடித் துறைக்குக் கடக்கும்போது, காலையில் வினாக் கேட்ட மாணவி மீண்டும் பேசினாள்: "ஐயா, காலையில் அருவியில் பார்த்த தண்ணீர்தானே இங்கே மட்டியை வளர்க்கிறது? அப்படியென்றால் மேலே மரத்தைத் தழுவியவர்கள் இவர்களுக்காகவும் அல்லவா தழுவினார்கள்?" அதற்குமேல் நான் விளக்க வேண்டியதாயிற்று என்று ஒன்றும் இல்லை.

இவ்விடங்களைக் காண அக்டோபர் முதல் சனவரி வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் பாதை வழுக்கும், அட்டைகள் மிகுதி. அருவியின் தடுப்பைத் தாண்டாதீர்கள். ஞெகிழிப் பொருள்களை விட்டுவராதீர்கள். மலையில் எறிந்த குப்பையும் ஆற்றோடு கழிமுகம் வந்து சேரும்.

சொற்பொருள்

கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
ஞெகிழி – பிளாஸ்டிக்
அலையாத்தி – உவர்நீரில் வளரும் கரையோர மரம்
குன்றியது – குறைந்தது
பிடரி – கழுத்தின் பின்புற மயிர்

கற்பவை கற்றபின்

1. உஞ்சள்ளி அருவிக்குக் 'கெப்ப ஜோக' என்னும் பெயர் வரக் காரணம் யாது?
2. கான், அப்பிக்கொள் ஆகியவைபோல் நீங்கள் வாழும் மாநில மொழியிலும் தமிழிலும் ஒத்து வரும் சொற்கள் இருப்பின் தேடி எழுதுக.
3. மாணவி இறுதியில் கூறியதை உங்கள் சொற்களில் விளக்குக.
4. சிந்தனை வினா: மின்சாரமும் தேவை, கழிமுகமும் தேவை. ஓர் ஆற்றில் அணை கட்டுவது குறித்து முடிவெடுக்கும்போது யார் யாரைக் கலந்து பேச வேண்டும்? ஏன்?
5. செயல்திட்டம்: உங்கள் பெற்றோரின் சொந்த ஊருக்கு அருகில் ஓடும் ஆறு எது? தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு, அது தோன்றும் இடம், கலக்கும் இடம், அன்றும் இன்றும் அதன் நிலை ஆகியவற்றைப் பத்து வரிகளில் எழுதி வருக.